பிழையோடு அச்சான பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளைச் சேகரிப்பதில் அப்படி என்ன இருக்கிறது? எங்கே தொடங்கலாம்?

என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் என்னை இந்தப் பக்கம் இழுத்தது அதுதான். இந்தக் காசுகளில் ஒரு தொழிலாளியின் கை தெரிகிறது.

பிலடெல்பியா நாணயச்சாலை 1792இல் அமைந்தது. 1793 முதல் 1857 வரை அங்கே ஒரு சென்ட்டும் அரை சென்ட்டும் செம்பில் அடித்தார்கள். அன்றைய ஒரு சென்ட் பெரிய காசு. 1795 இறுதியில் எடையைக் குறைத்த பிறகும் 10.89 கிராம் இருந்தது. காசில் உருவத்தைப் பதிக்கும் எஃகுக் கட்டைதான் அச்சு. தொடக்க வருடங்களில் அதை வெட்டியவர்கள் எழுத்துக்கு ஒரு பஞ்ச் (குத்தும் முத்திரை உளி), எண்ணுக்கு ஒரு பஞ்ச் என்று வைத்து எஃகில் சுத்தியலால் தட்டி இறக்கினார்கள், அதுவும் இடவலம் மாற்றி. ஒரு தட்டு பிசகினால் அந்த அச்சில் அடித்த அத்தனை காசிலும் அந்தப் பிசகு வரும். மையம் விலகி அடிபட்ட காசு வேறு வகை. அந்தத் தவறு அந்த ஒரு காசோடு போயிற்று.

எனக்கு மிகவும் பிடித்தது 1801இன் 'மூன்று பிழை' சென்ட். ஒரு சென்ட் என்பது டாலரில் நூறில் ஒரு பங்கு என்பதால், பின்பக்கத்தில் இலை மாலைக்குக் கீழே 1/100 என்று இருக்க வேண்டும். இதில் 1/000 என்று இருக்கிறது. 'யுனைடெட்' என்ற சொல்லின் முதல் எழுத்து, 'யு'வாக இல்லாமல் இரண்டு 'ஐ' பக்கத்தில் பக்கத்தில் நிற்பது போல விழுந்திருக்கிறது. மாலையின் காம்பு இரண்டில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மூன்றும் ஒரே அச்சில்! எஃகும் நேரமும் அரிதாக இருந்த காலம், அச்சைத் தூக்கிப் போடாமல் அப்படியே காசு அடித்தார்கள். 1796இல் அச்சு வெட்டியவர் ஒரு சென்ட் அச்சில் 'லிபர்ட்டி' என்ற சொல்லின் 'பி'யைத் திருப்பிக் குத்திவிட்டு, அதன் மேலேயே சரியாகக் குத்தினார். இப்போது அது 'எச்' போலத் தெரிகிறது. 1828 அரை சென்ட் ஒன்றில் 13க்குப் பதில் 12 நட்சத்திரம், 1817 சென்ட் ஒன்றில் 15.

அச்சு உடைவதும் உண்டு. 1807 சென்ட் ஒன்றில் முன்பக்கப் பெண்ணின் தலைக்குப் பின்னால் வால்நட்சத்திரம் போல ஒரு மேடு இருக்கும். அச்சில் விழுந்த உடைசல் அது.

பிறகு அச்சுத் தயாரிப்பு சீரானது. 1840களில் ஆண்டை மட்டுமே கையால் குத்தினார்கள், பிழையும் அங்கே போய் ஒதுங்கியது. 1844, 1851 சென்ட்டுகளில் ஆண்டைத் தலைகீழாகக் குத்திவிட்டுத் திருத்திய வகைகள் உண்டு. லென்ஸ் வைத்தால் அடியில் பழைய எண்களின் தடம் தெரியும்.

சரி, எங்கே தொடங்கலாம்? முதலில் ஷெல்டன் எண்களைப் பழகுங்கள். வில்லியம் ஷெல்டன் 1949இல் 1793 முதல் 1814 வரையிலான சென்ட்டுகளின் ஒவ்வொரு அச்சு ஜோடிக்கும் (முன்பக்க அச்சு, பின்பக்க அச்சு) எண் கொடுத்தார். மேலே சொன்ன மூன்று பிழைக் காசு 'எஸ் 219'. விற்பவர் சொல்லும் எண்ணை நம்பாமல், எழுத்துகளின் இடைவெளியையும் மாலையின் இலை நுனி எந்த எழுத்துக்குக் கீழே நிற்கிறது என்பதையும் நீங்களே படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வேலைதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

தேய்ந்த காசு என்று ஒதுக்க வேண்டாம். பிழை தெளிவாகத் தெரிந்தால் போதும், அழகான காசுக்குக் கொடுப்பதில் சிறு பங்குதான் ஆகும். ஆனால் அரித்த காசும் பளபளவென்று தேய்த்த காசும் வேண்டாம். நம் வீட்டுச் செப்புக் குடத்துக்குப் புளி போடுவது போல இதற்குப் போட்டால் மேல் நிறம் போய்விடும், மதிப்பும் போய்விடும். போலிகளும் நிறைய. 1798ஐ 1799 ஆக்கிய காசுகள் பழைய காலத்திலிருந்தே உலவுகின்றன, அபூர்வ ஆண்டு மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள்.

முதல் காசாக 1804 அரை சென்ட்டில் 'முள் தாடை' வகையைத் தேடுங்கள். ஏதோ ஒரு கெட்டிப் பொருள் இடையில் சிக்கி அச்சு காயப்பட்டதால், பெண்ணின் தாடையிலிருந்து ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஆண்டில் இது தாராளமாகவே கிடைக்கிறது, நன்றாகத் தேய்ந்த காசிலும் முள் தெரியும்.