வட்டக் கைக்கடிகாரத்தில் தமிழ் விசைப்பலகை: குன்னூர் நண்பருக்கு

குன்னூர் தேயிலைத் தோட்ட மேற்பார்வையாளர்கள் இலை எடைக் குறிப்பைக் கைக்கடிகாரத்திலேயே எழுதுவதற்காகத் தமிழ்99 என்னும் கணினி விசைப்பலகை அமைப்பைச் சுருக்கி வைத்தபோது, பக்கத்து எழுத்துகளே விழுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். சுமார் 30 மி.மீ. அகலத் திரையில் ஒரு வரிசைக்குப் பத்து விசைகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 3 மி.மீ.தான் கிடைக்கும், அந்த வழியை விட்டுவிடுங்கள்.

மெய்கள் 18 என்பதும், அவை வல்லினம், மெல்லினம், இடையினம் என ஆறாறாகப் பிரிவதும் உங்களுக்குப் பெரிய வசதி. வரிசைக்கு மூன்றாக ஆறு விசைகள் மட்டும் வைத்து, முதல் விசையைத் தொட்டால் க, மேலே இழுத்தால் ங, கீழே இழுத்தால் ய என அமைத்தால், பள்ளியில் படித்த வரிசையே பயனருக்கு வழிகாட்டும். ங தனித்து வருவது அரிது. ஆயினும் அதற்காக வரிசையைக் குலைக்காதீர்கள். மெய் விழுந்தவுடன் அதே விசைகள் உயிர்களாக மாறட்டும்: தொட்டால் குறில், மேலே இழுத்தால் நெடில், எந்த விசையைக் கீழே இழுத்தாலும் புள்ளி. ஐயும் ஔவும் ஆறாம் விசையில் அடங்கிவிடும். சொல்லின் முதலில் உயிர் வேண்டுமானால், ஏதேனும் ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் உயிர் அடுக்கு திறக்கட்டும்.

கடிகாரத்தில் சுழலும் திருகு இருந்தால், எடை எண்களை அதைச் சுழற்றியே தேர்ந்தெடுக்க விடுங்கள். ஏனெனில் உறைபனி விழும் ஜனவரிக் காலைகளில், சாதாரணக் கம்பளிக் கையுறை அணிந்த விரலைத் தொடுதிரை உணராது.