அம்பாசடர் பானெட் உரசினால் லாக்கை விடுங்கள், கீலைப் பாருங்கள்

வணக்கம். மூடும்போது உங்கள் அம்பாசடர் காரின் பானெட்டின் (இன்ஜின் மூடியின்) இடது மூலை முன்கண்ணாடிக்குக் கீழே உரசிப் பெயிண்ட் உரிகிறது, லாக்கை எவ்வளவு நகர்த்தியும் சரியாகவில்லை என்கிறீர்கள். கோளாறு பின்பக்கக் கீலில் இருக்கும். பானெட்டைப் பாதி தூக்கி அந்த மூலையை மட்டும் மேலும் கீழும் அசையுங்கள். டக் டக்கென்று ஆடினால் கீலில் ஆணி நுழையும் ஓட்டை முட்டை வடிவில் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

போல்ட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். கழற்றுமுன் கீலைச் சுற்றி மார்க்கரால் கோடு போடுங்கள். இல்லையென்றால் பழைய இடத்தைத் தேடியே அரைநாள் போய்விடும். பானெட் நல்ல கனம், தனியாக இறங்காதீர்கள். மூலைக்கு அடியில் பழைய போர்வையை மடித்து வையுங்கள்.

2014-இல் வண்டி உற்பத்தியே நின்றுவிட்டது. புதுக் கீல் என்று யாராவது நீட்டினால், பழையதன் மேல் வைத்து ஓட்டைகள் ஒத்துப்போகிறதா என்று பார்த்தபிறகு காசு கொடுங்கள். என்னைக் கேட்டால், பழையதையே லேத் பட்டறையில் கொடுத்து அந்த ஓட்டையைப் பெரிதாக்கி, பித்தளை புஷ் (ஓட்டைக்குள் பொருந்தும் சிறு குழாய்) இறக்கி, புது ஹிஞ்ச் பின் (கீல் ஆணி) போடுவது மேல். தகடு வெடித்திருந்தால் மட்டும் அது வேண்டாம்.

மாட்டியதும் அறைந்து மூடிவிடாதீர்கள். லாக்கின் கொக்கியைக் கழற்றிவிட்டு மெல்ல இறக்கி, இரண்டு பக்க இடைவெளியையும் பாருங்கள். அது சமமான அப்புறம்தான் போல்ட்டை முழுதாக முறுக்க வேண்டும். லாக் கடைசி.