முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பெட்ரோல் ஹோஸை மாற்றுங்கள்

கார்புரேட்டர் மாருதி 800-இல் எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வழியே பெட்ரோலைப் பீய்ச்சும்) இன்ஜினை ஏற்றிவிட்டு, பெட்ரோல் ஹோஸ் மட்டும் பழையதே இருக்கிறது, கசிவை எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நண்பரே, முதலில் ஹோஸை மாற்றுங்கள். கார்புரேட்டருக்கு அரை பார் அழுத்தம்கூடத் தேவையில்லை. இன்ஜெக்ஷன் லைனில் சுமார் 3 பார் நிற்கும். போதாததற்கு இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பருக்கு ஆகாது. சென்னைப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் வாங்கினால் ஹோஸ் மேல் ஆர்9 (R9) என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள், இன்ஜெக்ஷன் அழுத்தத்தைத் தாங்கும் ஹோஸுக்கான தரக்குறி அது. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார், நம்ப வேண்டாம்.

அப்புறம் வண்டி பேஸ்மென்ட்டில் நின்றால் வெளியே தள்ளுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். பவுடர் தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும்.

சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள், இன்ஜினைச் சுழற்ற (கிராங்க்) வேண்டாம். பம்ப் ஓரிரு விநாடி ஓடி நிற்கும். நாலைந்து முறை இப்படிச் செய்தால் லைனில் அழுத்தம் ஏறிவிடும். பிறகு ஃபில்டரின் இரு முனைகள், ஃப்யூயல் ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்), இன்ஜெக்டர் ஓரிங் (ரப்பர் வளையம்), ரிட்டர்ன் லைன், டேங்க் மேல் பம்ப் மூடி எல்லாவற்றையும் காய்ந்த டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். நம்மூர் வெயிலில் சின்னக் கசிவு சொட்டாமலே ஆவியாகிவிடும். டிஷ்யூவை மோந்தால் தெரியும். வாடை வந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.