கவுண்டர்பார்ட் யார் என்று முதலில் கேளுங்கள்

வணக்கம்.

நான் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எருத்தேம்பதிக்காரன். கோவையில் வேளாண் பொறியியல் படித்துவிட்டுக் கேரள அரசில் பொறியாளராக இருக்கிறேன். ஒன்பது வருடமாகச் சொட்டுநீர்ப் பாசனம்தான் வேலை. கிழக்கு ஆப்பிரிக்காவில் சிறு விவசாயிகளுக்கான பாசனத் திட்டம் ஒன்றில் ஓராண்டு ஐ.நா. தன்னார்வலராகச் சேர அழைப்பு வந்திருக்கிறது. "கல்ஃப் போனாலாவது நாலு காசு தேறும், இது எதுக்கு?" என்கிறார்கள் வீட்டில். போகலாமா? போவதென்றால் எதையெல்லாம் தயார் செய்துகொள்ள வேண்டும்? பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

போகலாம். ஆனால் ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களோடு தினமும் வேலை செய்யப்போகிற உள்ளூர்ப் பொறியாளர் யார்? இந்தத் துறையில் அவரைக் கவுண்டர்பார்ட் என்பார்கள். அவர் யாரென்று முடிவாகாத திட்டத்துக்கு எவ்வளவு திறமையான ஆள் போனாலும் பயனில்லை.

அவர்கள் அனுப்பியிருக்கும் பணி விவரத்தை எடுத்துப் பாருங்கள். வடிவமைப்பது, நிறுவுவது, மேற்பார்வை பார்ப்பது எல்லாம் உங்கள் தலையில் இருந்து, பயிற்சி என்பது கடைசியில் ஒரு வரியாக மட்டும் வந்தால், அது ஆள் பற்றாக்குறைக்கு உங்களை எடுக்கும் வேலை. நீங்கள் ஊர் திரும்பிய அடுத்த பருவத்திலேயே ஃபில்டர் அடைத்து நின்றுவிடும், திறந்து கழுவ ஆள் இருக்காது. கவுண்டர்பார்ட்டின் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். திட்ட நிதியிலிருந்து வந்தால் திட்டம் முடியும் நாளில் அவரும் போய்விடுவார். அந்த நாட்டு வேளாண்மைத் துறையின் நிரந்தர ஊழியராக இருப்பதே நல்லது.

இனி உங்கள் தொழிலுக்கு வருகிறேன். உங்கள் ஊர்க் கரடிப்பாறை, மூங்கில்மடைப் பக்கம் கூட்டுப் பாசனத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் என்று கணக்குப் போட்டே உங்கள் கை பழகியிருக்கும். அங்கே சிறு விவசாயிக்குப் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயர மேடையில் ஒரு டிரம்தான் இருக்கும். அதிலிருந்து கிடைப்பது 0.1 கிலோ அழுத்தம். ஒரு கிலோவில் மணிக்கு 4 லிட்டர் விடும் சாதாரண டிரிப்பர், அதாவது தண்ணீர் சொட்டும் முனை, அந்த அழுத்தத்தில் ஒன்றேகால் லிட்டர்தான் விடும், அதுவும் முதல் செடிக்கும் கடைசிச் செடிக்கும் பெரிய வித்தியாசத்தோடு. நிலம் கொஞ்சம் சரிவாக இருந்தால் மேட்டுப் பக்கத்துக்குத் தண்ணீரே போகாது. நம் ஊர் வரைபடத்தை அப்படியே கொண்டுபோய் வைப்பவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். லேட்டரல் எனும் டிரிப்பர் பொருத்திய கிளைக் குழாயின் நீளத்தைக் குறையுங்கள், குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த டிரிப்பரோ, மைக்ரோ டியூப் எனும் மெல்லிய குழாயோ போடுங்கள், மேடை உயரத்தை நிலச் சரிவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடைப்பு அதைவிடப் பெரிய தொல்லை. வரைபடம் போடும் முன் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை கையில் இருக்க வேண்டும். லிட்டருக்கு இரும்பு 1.5 மில்லிகிராமுக்கு மேல், மிதக்கும் வண்டல் 100 மில்லிகிராமுக்கு மேல், பி.எச். 8-க்கு மேல், இவற்றில் ஒன்று இருந்தாலும் டிரிப்பர் அடைக்கும் ஆபத்து அதிகம். ஆற்றுத் தண்ணீருக்குத் திரை ஃபில்டர் மட்டும் போதாது. முதலில் மணல் ஃபில்டர், அதற்குப் பிறகு 120 மெஷ் திரை. பம்பு அழுத்தத்தில் ஓடும் இடத்தில் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் பிரஷர் கேஜ் வைத்து, வித்தியாசம் அரைக் கிலோவைத் தொட்டால் கழுவ வேண்டும் என்று விவசாயிக்கே பழக்குங்கள். கேஜ் இல்லாத இடத்தில் வாரம் ஒரு நாள் கழுவுவது என்று கிழமை குறித்துக் கொடுத்துவிடுங்கள். லேட்டரல் கடைசி மூடியைத் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை விடுவதும் அதே நாளில். உப்புப் படிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம், கடைசி டிரிப்பரில் பி.எச். 4 வரும்வரை விட்டு, 24 மணி நேரம் நிறுத்திவைத்துக் கழுவ வேண்டும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், ஒருபோதும் மாற்றி அல்ல. இதை அந்த ஊர் மொழியில் எழுதி டிரம்மிலேயே ஒட்டுங்கள்.

சாமான் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். குரோமெட், டேக் ஆஃப், கேஸ்கெட் போன்ற சின்ன இணைப்புச் சாமான்கள் பக்கத்து டவுன் கடையில் கிடைக்காவிட்டால் அந்த அளவை வரைபடத்தில் சேர்க்காதீர்கள். நன்கொடையாக வந்த பம்பு அமெரிக்கத் திரெட்டோடு இருக்கக்கூடும். அந்தத் திரெட் அளவுமுறை என்.பி.டி., நம் ஊரில் புழங்குவது பி.எஸ்.பி. இரண்டும் ஒன்றில் ஒன்று ஏறுவதுபோல் இருக்கும், பிறகு டெஃப்லான் டேப் எத்தனை சுற்றினாலும் கசிந்துகொண்டே இருக்கும்.

வேலையை மாதக் கணக்கில் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு மாதம் நீங்கள் செய்ய அவர் பார்க்கட்டும், அடுத்த நான்கு மாதம் இருவரும் சேர்ந்து. எட்டு மாதத்துக்குப் பிறகு நீங்கள் ஒரு வால்வைக்கூடத் திருகக் கூடாது. இது கஷ்டம், கை துறுதுறுக்கும். ஆனால் அவர் தப்பாகப் போட்டதை அவரே கண்டுபிடிக்கும்போது நீங்கள் அங்கே இருப்பதுதான் இந்தப் பயணத்தின் முழு அர்த்தமும்.

வீட்டாரின் கவலை நியாயமானது. ஐ.நா. தன்னார்வலருக்குச் சம்பளம் கிடையாது. மாதாந்திர வாழ்க்கைப் படி, காப்பீடு, போய்வரும் செலவு, முடிவில் ஒரு சிறு தொகை உண்டு. அங்கே எளிமையாக வாழப் போதும், இங்கே வீட்டுக் கடன் அடைக்கப் போதாது. குடும்பத்தோடு போக முடியுமா என்பது பணியிடத்தைப் பொறுத்தது, அதையும் எழுத்தில் கேளுங்கள். யாராவது பணம் கேட்டால் அது மோசடி, விண்ணப்பத்துக்கு ஒரு பைசா கிடையாது. துறையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் அந்தக் காலம் இன்கிரிமென்ட், பென்ஷன் கணக்கில் சேராது. 1964 முதல் நம் வெளியுறவு அமைச்சகம் ஐடெக் என்ற தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்தில் நிபுணர்களை அனுப்புவது வேறு வழி. அது அந்த நாட்டு அரசு கேட்டு, டெபுடேஷனில் போவது. இந்த அழைப்பு அப்படியல்ல என்பதால், துறையின் அனுமதி கையில் வராமல் டிக்கெட் தேதி சொல்லிவிடாதீர்கள்.

எல்லையில் இருப்பதால் உங்களுக்கு இன்னொரு சிக்கல். குடியிருப்பது கேரளம், பட்டம் தமிழ்நாட்டுடையது. அத்தாட்சி வாங்க வேண்டியது பட்டம் கொடுத்த மாநிலத்தில், அதனால் தமிழ்நாட்டு அரசிடம்தான் போக வேண்டும், வெளிநாடுவாழ் கேரளருக்கான நோர்க்கா அலுவலகத்தில் நின்று நாளை வீணாக்காதீர்கள். அதற்குப் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் என்ற அத்தாட்சி முத்திரை, அந்த நாடு அப்போஸ்தில் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் தூதரக முத்திரை. பட்டத்தில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாகவும் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள், அதற்குத்தான் நிறைய நாள் பிடிக்கும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கொச்சித் துறைமுக சுகாதார அலுவலகத்தில் போடுவார்கள். போட்டுப் பத்து நாள் கழிந்துதான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் அந்த நோய் உள்ள நாட்டிலிருந்து திரும்பினால் இங்கே ஆறு நாள்வரை தனிமையில் வைத்துவிடுவார்கள்.

இன்றே திட்ட மேலாளருக்கு எழுதுங்கள். கவுண்டர்பார்ட்டின் பதவியும் சம்பளக் கணக்கும், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, இரண்டாம் ஆண்டு உதிரிபாகங்களுக்கு யார் பணம் தருவார்கள். இந்த மூன்றும் போதும். பதில் வந்ததும் எனக்கும் அனுப்புங்கள், சேர்ந்து பார்த்து முடிவு செய்வோம்.