மலிவான பெயின்ற் அடித்த வெளிச்சுவர் ஏன் ஒரே மாரியில் வெளிறிப் போகிறது?

பெயின்ற்றின் தரம் என்பது வாளிக்குள் எது எவ்வளவு இருக்கிறது என்பதுதான். நிறம் தருகிற தூள், அந்தத் தூளைச் சுவரோடு பிடித்து வைக்கிற பசை, சுண்ணத்தூள் போன்ற நிரப்புப் பொருள், தண்ணீர்: சுவர்ப் பெயின்ற்றில் இருப்பவை பெரும்பாலும் இவ்வளவே. தண்ணீர் ஆவியான பின் பசை மெல்லிய தோலாகச் சுவரில் படிகிறது. இவற்றில் விலை கூடியவை பசையும், சுவரை மறைக்கும் டைட்டேனியம் டைஒக்சைட் என்ற வெள்ளைத் தூளும். விலையைக் குறைப்பவர்கள் கைவைப்பதும் அவற்றில்தான். குறைந்த இடத்தைச் சுண்ணத்தூள் நிரப்புகிறது.

சீமெந்தைக் குறைத்து மணலைக் கூட்டி அரிந்த கல்லை நினைத்துப் பாருங்கள். பார்வைக்குக் கல்தான், விளிம்பை நகத்தால் சுரண்டினால் உதிரும். பசை குறைந்த பெயின்ற்றும் அப்படியே. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து ஆடி, ஆவணி வெயில் இருக்கிற பசையையும் சிதைத்துவிடும். உள்ளங்கையால் தேய்த்தால் வெள்ளை மா ஒட்டும். பிறகு ஐப்பசி, கார்த்திகை மழை அந்த மாவைக் கழுவிக்கொண்டு போகும். செம்மண் தெறித்த கறையைத் துடைத்தால், கறை போகிறதோ இல்லையோ, நிறம் துணியில் வந்துவிடும்.

வாங்கும்போது வாளியின் விலையை மட்டும் பார்க்காமல், ஒரு லீற்றர் எத்தனை சதுர அடி மூடும், எத்தனை பூச்சு வேண்டும் என்று கேளுங்கள். மேலதிகப் பூச்சுக்கான கூலி, மிச்சம் பிடித்த காசை விழுங்கிவிடும்.

விலை கூடிய பெயின்ற் ஈரச் சுவரையும் காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். காப்பாற்றாது, உவர் ஏறிய அடிச்சுவரில் எந்தப் பெயின்ற்றும் கொப்பளித்து உரியும்.