சூப்பர் ஹீரோ படச் சண்டைகளில் யார் யாரை அடிக்கிறார் என்பது ஏன் புரிவதில்லை?

கிருஷ்ணகிரித் திரையரங்கில் படம் பார்த்தபோது சண்டைக் காட்சி ஒன்றும் விளங்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். குறை உங்கள் கண்ணில் இல்லை. பெரும்பாலும் படத்தொகுப்பில்தான் இருக்கிறது.

திரையில் விழும் குத்து பொதுவாக உடலில் படுவதில்லை. அடிப்பவரின் தோளுக்குப் பின்னால் கேமராவை வைத்தால், கைமுட்டிக்கும் முகத்துக்கும் உள்ள இடைவெளி மறைந்துவிடும். அடிபடுபவர் சரியான நேரத்தில் தலையைத் திருப்ப, மீதியை ஒலி நிரப்பிவிடும். நொடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படம்) ஓடும் படத்தில், கை பாதி வீசப்பட்ட நிலையிலேயே ஷாட்டை வெட்டினால் வேகம் கூடுகிறது, அடியின் கனம் குறைகிறது. ஹாங்காங் படங்களிலோ அடி விழும் ஓரிரு பிரேம்களை அடுத்த கோணத்தில் மீண்டும் காட்டி அந்தக் கனத்தைக் கூட்டுவார்கள்.

முகமூடி இருந்தால் சண்டைக் கலைஞரே நாயகனாக ஆடலாம். முகம் தெரியவேண்டிய இடத்தில்தான், நடிகரின் பயிற்சிக் குறைவை மறைக்க வெட்டுகளும் அண்மைக் காட்சிகளும் பெருகுகின்றன. இருவருக்கும் இடையிலான கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டிவிட்டால் இடப்பக்கம் வலப்பக்கமாகிக் குழப்பம் முற்றும்.

தருமபுரிப் பக்கத்துத் தெருக்கூத்தில் பீமனும் துரியோதனனும் மோதுவதை முழு உருவமாகவே பார்த்துப் பழகிய நமக்கு இது எரிச்சலூட்டுவதில் வியப்பில்லை. மாறாக, 2015இல் வெளிவந்த ‘டேர்டெவில்’ என்ற சூப்பர் ஹீரோ தொடரின் தாழ்வாரச் சண்டை ஒரே ஷாட்போல நகர்கிறது. அடித்த நாயகனே களைத்துச் சுவரில் சாய்வதும் அதில் தெரிகிறது. அடுத்த முறை கால்களைக் கவனியுங்கள்: அவை திரையில் தெரியாத சண்டையில் பெரும்பாலும் எதையோ மறைக்கிறார்கள்.