கையை அளந்தால் கோபம் வருகிறதா?

கேள்வி: என் மகன் படிக்கும் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் லெஃப்ட் டேக்கிளாக ஆடும் பையன் இந்த சீசன் முழுக்க ஒரே ஒரு சாக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அவர் கை 33 அங்குலம் இல்லையாம், முக்கால் அங்குலம் குறைகிறதாம். 'என்எஃப்எல்லில் டேக்கிளாக நிற்க மாட்டார், கார்டாக மாற்ற வேண்டும், முதல் சுற்றில் எடுக்கக் கூடாது' என்கிறார்கள். கையை அளந்தா ஆளை எடுப்பது? இது டிராஃப்டா, மாட்டுச் சந்தையா?
- ஒரு வாசகர், ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்

பதில்: மாட்டுச் சந்தையை அவ்வளவு மட்டமாக நினைக்காதீர்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பவரும் சுழியைத் தேடுபவரும் அதோடு நிற்பதில்லை. பத்துத் தப்படி நடக்கவிட்டுப் பார்க்காமல் எந்தக் குடியானவரும் துண்டுக்கடியில் விரலைக் கொடுக்க மாட்டார். நீங்கள்தான் அந்த நடையைப் பார்க்கவில்லை. கடிதத்தில் கை இருக்கிறது, சாக் இருக்கிறது, கோபம் நிறைய இருக்கிறது. அந்தப் பையனின் காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இந்த ஆட்டம் பழகாத வாசகர்களுக்குச் சுருக்கமாக: என்எஃப்எல் என்பது அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக். அதன் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாக, முறைவைத்து எடுப்பதுதான் டிராஃப்ட். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் லைன்மேன் எனப்படும் ஐந்து பேர் சுவராக நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டுகள், இரு ஓரத்திலும் டேக்கிள்கள். எறிவதற்கு முன் குவார்ட்டர்பேக் பின்னால் வீழ்த்தப்பட்டால் அது சாக். ஓரத்தில் நிற்பவருக்குப் பக்கத்தில் துணை இருக்காது, வெட்டவெளி. குவார்ட்டர்பேக்கை வீழ்த்த வரும் எதிரணியின் வேகமான ரஷர்கள் பாய்வதும் அங்கேதான்.

சரி, சாக் கணக்குக்கு வருவோம். இன்றைய கல்லூரி ஆட்டத்தில் பந்து பல நேரம் சட்டென்று கையை விட்டுப் போய்விடுகிறது. ஓடுவதா எறிவதா என்று பந்தை எடுத்த பிறகு முடிவு செய்யும் ஆட்டங்கள், பக்கவாட்டில் சட்டென்று தட்டிவிடும் பந்துகள் ஏராளம். அத்தகைய ஆட்டத்தில் டேக்கிள் தோற்றாலும் சாக் விழாது, தோற்கவே நேரம் இல்லை. அதோடு, கல்லூரி விதிப்படி, முன்னால் எறியும் பந்து கையை விடும்வரை லைன்மேன் மூன்று கெஜம் முன்னேறலாம். என்எஃப்எல்லில் ஒரு கெஜம்தான். அதனால் கல்லூரியில் கண்ணைக் கவரும் பல தடுப்புகள் மேலே போனால் அபராதம் வாங்கித் தரும். பூஜ்யம் சாக் என்பதில் பயிற்சியாளரின் திட்டத்துக்கும் குவார்ட்டர்பேக்கின் வேகமான முடிவுக்கும் எவ்வளவு பங்கு, பையனுக்கு எவ்வளவு என்று பிரிக்காமல், அணிக்கு ஆள் தேடும் ஸ்கவுட் சம்பளம் வாங்க முடியாது. குவார்ட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு உலாத்தியதால் விழும் சாக்கும் சில நேரம் டேக்கிள் தலையில் எழுதப்படுகிறது. இரண்டு பக்கமும் ஏமாற்றும் எண் அது.

இனி கை. அதில் மூடநம்பிக்கை எதுவும் இல்லை. ரஷரும் டேக்கிளும் மோதும்போது யார் கை முதலில் எதிராளியின் மார்பில் பதிகிறதோ அவர் பிடியில்தான் அடுத்த இரண்டு விநாடி. 34 அங்குலம் இருந்தால் அணிகள் நிம்மதியாகத் தூங்குகின்றன. 33-க்குக் கீழே போனால் கேள்வி எழுகிறது. இந்த வாதத்துக்கு நல்ல சாட்சி, அளவெடுப்பைக் கேலி செய்ய எல்லோரும் இழுக்கும் ஓர்லாண்டோ பிரவுன் ஜூனியர்தான். 2018-இல் இண்டியானாபோலிஸில் நடந்த காம்பைனில் (டிராஃப்டுக்கு முன் வீரர்களை அளந்து, ஓடவிட்டுப் பார்க்கும் முகாம்) அவர் 40 கெஜத்தை 5.85 விநாடியில் ஓடினார். 225 பவுண்டு எடையை 14 முறைதான் தூக்கினார். ஊரே சிரித்தது. மூன்றாம் சுற்றில், 83-ஆவது ஆளாகத்தான் பால்டிமோர் எடுத்தது. பிறகு 2019 முதல் தொடர்ந்து நான்கு முறை, அந்தந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ பவுலுக்குத் தேர்வானார். 2023 பிப்ரவரியில், என்எஃப்எல் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் கான்சஸ் சிட்டியின் லெஃப்ட் டேக்கிள் அவர்தான். எதிரில் நின்ற ஃபிலடெல்ஃபியா அந்த சீசனில் 70 சாக் எடுத்திருந்த அணி. அன்று இரவு ஒன்றுகூட எடுக்கவில்லை. ஆனால் கதை சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: பிரவுனின் கை கிட்டத்தட்ட 35 அங்குலம். ஓட்டத்தில் சிரித்தவர்கள் தோற்றார்கள், கையை அளந்தவர்கள் தோற்கவில்லை. லைன்மேன் 40 கெஜம் ஓடும் நிலை வந்தால் பெரும்பாலும் அந்த ஆட்டமே கெட்டுப்போயிருக்கும். முதல் 10 கெஜத்துக்கு எடுக்கும் நேரம்தான் உபயோகமான எண்.

உடனே கிளீவ்லேண்டின் லெஃப்ட் டேக்கிள் ஜோ தாமஸ் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அவர் கையும் 33 அங்குலத்தை எட்டவில்லை. விஸ்கான்சின் பல்கலையிலிருந்து 2007-இல் மூன்றாவது ஆளாக கிளீவ்லேண்ட் எடுத்தது (டிராஃப்ட் மேடைக்கு வராமல் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடிக்கப் போயிருந்தார், எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அதனால்தான்). பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப் என்றால், 10,363 ஸ்னாப் ஒன்றுகூடத் தவறாமல் ஆடினார். 2023-இல் இந்த ஆட்டத்தின் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். ஆனால் அந்தக் குறையை ஈடுகட்டியது கால். பின்னால் சறுக்கிச் செல்லும்போது இடுப்பு மடியாது, தலை முன்னால் பாயாது. ரஷர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் முன்னாலேயே அங்கே நிற்பார். நீங்கள் சொல்லும் பையனிடம் அந்தக் கால் இருக்கிறதா? இருந்தால் முக்கால் அங்குலத்தைப் பற்றி நானும் கவலைப்பட மாட்டேன். 2025-இல் லூசியானா ஸ்டேட்டின் வில் கேம்பெலுக்கும் இதே வழக்கு. காம்பைனில் கை 32 5/8 அங்குலம் என்று அளந்தார்கள், மாதக்கணக்கில் வாதம் நடந்தது. கடைசியில் நியூ இங்கிலாந்து நான்காவது ஆளாக எடுத்தது. ஆக, குட்டைக் கைக்காரரை முதல் சுற்றில் எடுப்பதே இல்லை என்பதும் பொய்.

எனக்கு உங்கள் கடிதத்தில் உண்மையில் உறுத்தியது வேறு. கார்டாக மாற்றுவதை ஏதோ தாசில்தாரைக் கிராம உதவியாளராக்கியது போல எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இருப்பது ஃப்ரிஸ்கோவில், டல்லாஸ் அணியான கௌபாய்ஸின் பயிற்சி மையம் இருக்கும் ஊரில். ஸாக் மார்ட்டினை மறந்துவிட்டீர்களா? நோட்டர் டேமில் லெஃப்ட் டேக்கிள். அவர் கையும் 33 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 2014-இல் குவார்ட்டர்பேக் ஜானி மான்செல்தான் வேண்டும் என்று டல்லாஸ் ரசிகர்கள் பலர் தவம் கிடந்தபோது, 16-ஆவது ஆளாக மார்ட்டினை எடுத்து உள்ளே, ரைட் கார்டு இடத்தில் நிறுத்தினார்கள். ஏழு முறை ஆல்-ப்ரோ முதல் அணி, அதாவது அவரவர் இடத்தில் அந்த சீசனின் ஆகச் சிறந்தவர்கள் பட்டியல். மான்செல் கிளீவ்லேண்டில் இரண்டு சீசனோடு முடிந்துபோனார். காசுதான் கவலை என்றால், பிரவுனோடு அதே சூப்பர் பவுல் வரிசையில் நின்ற கார்டு டிரே ஸ்மித் 2025-இல் நான்கு ஆண்டுக்கு 9.4 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். நுரையீரலில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்ததால் 2021-இல் ஆறாம் சுற்றுவரை அவரை யாரும் தொடவில்லை. அணி மருத்துவர் கோப்பில் எழுதும் ஒரு வரி, கை நீளத்தைவிடப் பல மடங்கு ஆளைக் கீழே தள்ளும். அது உங்களுக்கும் எனக்கும் கண்ணில் படாது.

எல்லா அளவும் பொருந்தி, ஆள் பொருந்தாமல் போவதும் உண்டு. 1989-இல் கிரீன் பே இரண்டாவது ஆளாக எடுத்த டோனி மாண்டரிச் உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு அதிசயம். அந்த வருடம் முதல் ஐந்து பேரில் மற்ற நால்வரும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள், இவர் இல்லை. கல்லூரி நாட்களில் ஸ்டீராய்டு எடுத்ததைப் பல வருடம் கழித்து அவரே ஒப்புக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், மகனுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. மூன்றாம் முயற்சியில் எட்டுப் பத்து கெஜம் தேவைப்படும்போது மட்டும் அந்தப் பையனைப் பாருங்கள். எறியத்தான் போகிறார்கள் என்று மைதானத்துக்கே தெரிந்த நேரம் அது, ஒளிய இடமில்லை. உள்பக்கம் வெட்டி வரும் ரஷரை நிறுத்துகிறாரா? நேரே முட்டித் தள்ளும்போது குதிகால் ஊன்றுகிறதா, அல்லது குவார்ட்டர்பேக் மடியில் போய் உட்காருகிறாரா? இரண்டு ரஷர்கள் குறுக்கே மாறி ஓடும்போது பக்கத்துக் கார்டிடம் ஆளை ஒப்படைத்துவிட்டு அடுத்தவரைப் பிடிக்கிறாரா? ஒருமுறை தோற்ற பிறகு அடுத்த ஸ்னாப்பில் அவசரப்பட்டு முன்னால் விழுகிறாரா? எதிரணி ரஷர் எத்தரத்து ஆள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் எழுதுங்கள், பதில் போடுகிறேன். சாக் கணக்கு மட்டும் வேண்டாம்.